காகம் கரைந்தால் 'அ': எழுத்தையும் அறிவியலையும் ஒரே பாடமாக்கிய கொமேனியஸ் யார்?

முதலில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்கட்டும், அறிவியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தொடக்கப் பள்ளிகளில் காலங்காலமாக ஓடும் கணக்கு இதுதான். மொழிக்கு ஒரு பீரியட், அறிவியலுக்கு ஒரு பீரியட். நேரம் போதவில்லை என்றால் முதலில் அடிபடுவது அறிவியல்தான்.

இந்தக் கணக்கே தப்பு என்று 17-ம் நூற்றாண்டிலேயே முடிவுகட்டிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். வாசிப்பையும், உலகத்தைத் தெரிந்துகொள்வதையும் தனித்தனியாகப் பிரித்தால் இரண்டுமே கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. சொல்லிவிட்டு சும்மா இருக்கவில்லை. எழுத்தே தெரியாத குழந்தைக்கும் நெருப்பு, மேகம், மரம், தேனீ, எலும்பு என்று எல்லாவற்றையும் படத்தோடு சொல்லித்தரும் ஒரு புத்தகத்தை எழுதினார்.

அவர்தான் யான் அமோஸ் கொமேனியஸ். பி.எட். படித்தவர்களுக்கும் டெட் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் ஒரு மார்க் கேள்வியில் பழக்கமாகியிருக்கக்கூடிய பெயர். அந்த ஒரு மார்க்குக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை லேசுப்பட்டது இல்லை. போர், பிளேக், நாடுகடத்தல், தீ என்று எல்லாவற்றையும் பார்த்த வாழ்க்கை அது.

12 வயதில் அநாதை

1592 மார்ச் 28-ம் தேதி, இன்றைய செக் குடியரசின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் பிறந்தார். தாய்மொழி செக். செக் மொழியில் அவர் பெயர் கொமென்ஸ்கி. அந்தக் காலத்து அறிஞர்கள் வழக்கப்படி லத்தீனில் எழுதியபோது அது கொமேனியஸ் ஆனது. குடும்பம், 'சகோதரர்களின் ஒன்றியம்' என்ற சிறிய புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தது.

அவருக்கு 12 வயது இருக்கும்போது அப்பா, அம்மா, சகோதரிகள் இருவர் என அடுத்தடுத்து எல்லோரும் இறந்துபோனார்கள். சிறுவன் அத்தை வீட்டில் வளர்ந்தான். ஒழுங்கான படிப்பு கிடைக்கவில்லை. லத்தீன் பள்ளியில் சேர்ந்தபோது வயது 16. சக மாணவர்களைவிட வயதில் ரொம்பப் பெரியவர். இதுவே அவருக்கு ஒரு வகையில் லாபமாகவும் அமைந்தது. குழந்தைகள் எப்படிக் கஷ்டப்படுகிறார்கள் என்பதை ஒரு பெரிய பையனின் கண்ணோடு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்.

அன்றைய லத்தீன் பள்ளி என்றால் என்ன? புரியாத மொழியில் எழுதிய இலக்கண விதிகளை மனப்பாடம் செய்வது. தப்பினால் பிரம்பு. ஒரு செடியின் லத்தீன் பெயரும் அதன் வேற்றுமை உருபுகளும் பையனுக்குத் தலைகீழாகத் தெரியும். தோட்டத்தில் அந்தச் செடியைக் காட்டினால் தெரியாது. வாயில் சொல் இருக்கிறது, மனதில் பொருள் இல்லை. இந்தக் குறையைத் தீர்ப்பதுதான் பின்னாளில் கொமேனியஸின் வாழ்நாள் வேலையாகிப்போனது.

ஜெர்மனியில் கிடைத்த வெளிச்சம்

1611-ல் ஜெர்மனியின் ஹெர்போர்ன் நகருக்கு மேற்படிப்புக்குப் போனார். அங்கே பாடம் நடத்தியவர்களில் ஒருவர் ஆல்ஸ்டெட். உலகத்தில் உள்ள அறிவையெல்லாம் ஒரே ஒழுங்கில் அடுக்கிக் கலைக்களஞ்சியமாக்க வேண்டும் என்ற வெறி கொண்டவர். அந்த ஆசை மாணவருக்கும் தொற்றிக்கொண்டது. கொமேனியஸ் சேர்த்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம்தான்: அந்த ஒழுங்கான அறிவு அறிஞர்களின் அலமாரியில் இருந்தால் போதாது, குழந்தையின் கைக்கும் எட்ட வேண்டும்.

அங்கிருந்து ஹைடல்பர்க். அங்கே 1614-ல் அவர் வாங்கிய ஒரு பொருளைக் கேட்டால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும். சூரியனைத்தான் பூமி சுற்றுகிறது என்று வாதிட்ட கோபர்னிகஸின் புகழ்பெற்ற நூலுடைய மூலக் கையெழுத்துப் பிரதி! ஒரு பேராசிரியரின் மனைவி, கணவர் இறந்தபின் விற்றதை இந்த 21 வயது மாணவர் வாங்கினார். இன்று அது போலந்தின் கிராகோவ் நகரப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. இந்தப் பிரதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

போரும் பிளேக்கும்

ஊருக்குத் திரும்பி ஆசிரியரானார். பிறகு சபையின் போதகரானார். 1618-ல் ஃபுல்னெக் என்ற சிற்றூரில் போதகர், பள்ளித் தலைமை ஆசிரியர் என இரட்டைப் பொறுப்பு. கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. வாழ்க்கை செட்டில் ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

அதே 1618-ல் தொடங்கியது முப்பதாண்டுப் போர். 1620-ல் பிராகா அருகே நடந்த வெள்ளை மலைச் சண்டையில் செக் புராட்டஸ்டண்டுகள் தோற்றார்கள். அடுத்த ஆண்டு பேரரசரின் படைகள் ஃபுல்னெக்கைச் சூறையாடின. கொமேனியஸ் தலைமறைவானார். 1622-ல் பிளேக் நோயில் அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இறந்துபோனார்கள். அவர் விட்டுவந்த புத்தகங்களும் பின்னர் எரிக்கப்பட்டன.

ஒளிந்து வாழ்ந்த அந்த ஆண்டுகளில்தான் செக் மொழி இலக்கியத்தில் இன்றும் கொண்டாடப்படும் 'உலகம் என்ற புதிர்ப்பாதை' எழுதப்பட்டது. மறுமணமும் நடந்தது. ஆனால் 1627-ல் ஆணை வந்தது: மதம் மாறு, அல்லது நாட்டை விட்டுப் போ. 1628-ல் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டி போலந்தின் லெஷ்னோ நகரத்துக்குப் போனார். அதன்பின் சாகும்வரை சொந்த நாட்டில் வாழ அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஒருநாள் ஊர் திரும்புவோம், அப்போது இடிந்துகிடக்கும் நாட்டைப் பள்ளிகளிலிருந்துதான் மறுபடி கட்ட வேண்டும் என்று அவர் நம்பினார். கல்வி பற்றிய அவருடைய முக்கியமான நூலை முதலில் செக்கில்தான் எழுதினார். யாருக்காக எழுதுகிறோம் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

1,000 வாக்கியங்களில் உலகம்

லெஷ்னோ பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே 1631-ல் 'மொழிகளின் திறந்த வாசல்' என்ற லத்தீன் பாடநூலை வெளியிட்டார். ஐடியா முழுக்க அவருடையது இல்லை. ஸ்பெயினின் சலமங்கா நகரில் இருந்த ஐரிஷ் ஏசு சபைத் துறவிகள் 1611-லேயே இதேபோல ஒரு வாக்கியத் தொகுப்பை வெளியிட்டிருந்தார்கள். கத்தோலிக்கப் படைகளால் நாட்டை இழந்தவர், கத்தோலிக்கத் துறவிகள் செய்த நல்ல வேலையைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார்.

ஆனால் அதில் ஒரு குறையைக் கண்டார். வாக்கியங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கிடந்தன. சொல் வருகிறது, உலகம் வரவில்லை. கொமேனியஸ் சுமார் 8,000 சொற்களை எடுத்து, 1,000 வாக்கியங்களாக்கி, 100 தலைப்புகளில் அடுக்கினார். உலகத்தின் தோற்றம், நெருப்பு, காற்று, நீர், உலோகம், தாவரம், விலங்கு, மனித உடல், தொழில்கள் என்று ஒரு வரிசை. மாணவன் லத்தீன் படிப்பதாகத்தான் நினைப்பான். படித்து முடிக்கும்போது உலகத்தைப் பற்றிய ஒரு சின்னக் கலைக்களஞ்சியமே தலைக்குள் போயிருக்கும்.

புத்தகம் வைரல் ஆனது என்றே சொல்லலாம். ஐரோப்பாவின் பல மொழிகளில் வந்தது. நாடிழந்த ஒரு போதகர், சில ஆண்டுகளிலேயே கண்டம் முழுக்கத் தெரிந்த பாடநூல் ஆசிரியர் ஆனார்.

அம்மா மடியிலேயே அறிவியல்

இதே காலத்தில் அவர் இன்னொரு சின்ன நூலும் எழுதினார். ஆறு வயது வரைக்குமான குழந்தைகளுக்கு வீட்டில் என்ன சொல்லித்தரலாம் என்று பெற்றோருக்கு வழிகாட்டும் நூல். 1633-ல் ஜெர்மன் மொழியில் வெளியானது.

அதில் அவர் செய்தது எளிமையானது, அதே நேரம் அன்றைக்குப் புதுசு. இயற்பியல், வானியல், ஒளியியல், புவியியல் என்று பெரியவர்கள் படிக்கும் பாடங்களையெல்லாம் குழந்தை அளவுக்கு இறக்கினார். தண்ணீர், மண், மழை, பனி, கல், இரும்பு, புல், பறவை, மீன் ஆகியவற்றைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தால் அதுதான் இயற்பியலின் தொடக்கம். வெளிச்சம், இருட்டு, நிறங்கள் தெரிந்தால் ஒளியியல். சூரியன், நிலா, நட்சத்திரத்தைக் காட்டத் தெரிந்தால் வானியல். ஊர், வயல், குன்று, ஆறு எது என்று தெரிந்தால் புவியியல்.

கவனித்துப் பார்த்தால் இது முழுக்க மொழிப் பயிற்சியும்தான். குழந்தை ஒவ்வொரு பெயரையும் ஒரு பொருளைத் தொட்டு, பார்த்து, கேட்டுக் கற்கிறது. பேச்சு வளரும்போதே அறிவியலும் வளர்கிறது. இரண்டுக்கும் தனி பீரியட் கிடையாது.

6 முதல் 12 வயது வரைக்கும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு தாய்மொழிப் பள்ளி வேண்டும் என்றார். லத்தீன் அதற்கப்புறம்தான். ஆண், பெண், பணக்காரர், ஏழை என்ற பாகுபாடு இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்றார். பெண்களுக்குப் பள்ளியே அரிதாக இருந்த காலம் அது.

ஐரோப்பா முழுக்க அழைப்பு

இங்கிலாந்தில் ஹார்ட்லிப் என்பவர் கொமேனியஸின் எழுத்துகளில் மயங்கி அவரை லண்டனுக்கு அழைத்தார். 1641-ல் போனார். அறிவை எல்லோருக்கும் பொதுவாக்கும் ஒரு பெரிய நிறுவனத்தை அங்கே தொடங்கும் பேச்சு நடந்தது. ஆனால் அயர்லாந்தில் கலகம் வெடித்தது, இங்கிலாந்து உள்நாட்டுப் போரை நோக்கிப் போனது. 1642-ல் கையை விரித்துக் கிளம்பவேண்டியதாயிற்று. போகும் வழியில் ஹாலந்தில் தத்துவ ஞானி தெகார்த்தைச் சந்தித்தார். பல மணி நேரம் பேசினார்கள். மரியாதையோடு கருத்து வேறுபட்டுப் பிரிந்தார்கள்.

அடுத்து சுவீடனின் அழைப்பு. அந்நாட்டுப் பள்ளிகளுக்கு லத்தீன் பாடநூல்கள் எழுதித்தர வேண்டும். அவருக்கு இதைவிடப் பெரிய கனவுகள் இருந்தன. ஆனாலும் செலவுக்குப் பணம் வேண்டும். அகதிகளாகச் சிதறிக்கிடந்த தன் சபைக்கு ஒரு வலுவான நாட்டின் ஆதரவும் வேண்டும். ஆண்டுக்கணக்கில் பாடநூல் வேலை பார்த்தார். 1648-ல் போர் முடிந்து அமைதி ஒப்பந்தம் வந்தது. அதில் செக் புராட்டஸ்டண்டுகள் ஊர் திரும்ப வழியே இல்லை. அதே ஆண்டு இரண்டாவது மனைவியும் இறந்தார்.

நாடகமான பாடம்

1650-ல் ஹங்கேரியின் ஷாரோஷ்பதாக் நகரத்துக்குப் போனார். அங்கிருந்த ஆட்சிக் குடும்பம் பள்ளியைச் சீரமைக்க அழைத்திருந்தது. ஏழு வகுப்புகள் கொண்ட பள்ளியைத் திட்டமிட்டார். நடைமுறைக்கு வந்தது மூன்று வகுப்புகள்தான். ஆசிரியர்களின் எதிர்ப்பு, மாணவர்களின் சோம்பல், பணத் தட்டுப்பாடு என எல்லாம் இருந்தது.

ஆனால் அங்கேதான் இரண்டு அருமையான விஷயங்கள் நடந்தன. ஒன்று, 'திறந்த வாசல்' நூலின் பாடங்களை எட்டு நாடகங்களாக மாற்றி மாணவர்களை மேடையேற்றினார். இயற்கைப் பொருள்களைப் பற்றிய பாடமே முதல் நாடகம். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து நெருப்பைப் பற்றியும், நீரைப் பற்றியும், விலங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வசனத்தைப் படிக்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், நாலு பேர் முன்னால் கூச்சமில்லாமல் பேச வேண்டும். அறிவியல் பாடத்திலேயே வாசிப்பும் பேச்சும் அடங்கிவிட்டது.

இரண்டாவது, அந்தப் படப் புத்தகம். 'திறந்த வாசல்' பல மாணவர்களுக்குக் கடினமாக இருந்ததைக் கண்ணெதிரே பார்த்தார். சொற்களை மட்டும் அடுக்கினால் போதாது, பொருளைக் கண்ணில் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். எழுதி முடித்தாலும் ஹங்கேரியில் மரச்செதுக்குப் படங்கள் செய்ய ஆள் கிடைக்கவில்லை. கையெழுத்துப் பிரதி ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துக்குப் போனது. படங்கள் தயாராகிப் புத்தகம் வெளிவர ஆண்டுகள் பிடித்தன.

40 ஆண்டு உழைப்பு சாம்பல்

அதற்குள் அவர் லெஷ்னோ திரும்பிவிட்டார். 1655-ல் சுவீடன் படைகள் போலந்துக்குள் புகுந்தன. கொமேனியஸ் சுவீடன் மன்னரைப் புகழ்ந்து எழுதினார். அகதிகளான தன் மக்களுக்கு ஒரு புராட்டஸ்டண்ட் மன்னர் நல்லது செய்வார் என்ற நம்பிக்கை. தனக்கு அடைக்கலம் தந்த நாட்டின் எதிரியைப் புகழ்ந்தது பலரை ஆத்திரப்படுத்தியது. 1656 ஏப்ரலில் போலந்துப் படைகள் லெஷ்னோவைக் கொளுத்தின.

வீடு போனது, நூலகம் போனது. மாணவப் பருவத்திலிருந்து 40 ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்துவந்த செக் மொழிச் சொற்களஞ்சியமும் எரிந்துபோனது. ஒவ்வொரு சொல்லாகச் சேகரித்த வேலை அது. மற்ற இழப்புகளைத் தாங்கிக்கொண்டவருக்கு இது மட்டும் கடைசிவரை ஆறவே இல்லை. அப்போது வயது 64.

சுவீடன் காலத்திலிருந்து அவருக்கு உதவிய டி கீர் குடும்பம் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் கொடுத்தது. அங்கே 1657-ல் அவருடைய கல்வி நூல்கள் எல்லாம் ஒரே தொகுப்பாக வந்தன. அடுத்த ஆண்டு, 1658-ல், நியூரம்பெர்க்கின் எண்ட்டர் பதிப்பகத்திலிருந்து அந்தப் படப் புத்தகம் வெளியானது.

அந்தப் புத்தகம் எப்படி வேலை செய்தது?

லத்தீனில் அதன் பெயர் 'ஓர்பிஸ் சென்சுவாலியும் பிக்டுஸ்'. புலன்களுக்கு எட்டும் உலகம், படங்களில் என்று பொருள். குழந்தைகளுக்கான படப் பாடநூல்களின் முன்னோடி என்று பரவலாகக் கருதப்படுவது இதுதான்.

முதலில் வருவது உயிருள்ள எழுத்து வரிசை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு உயிரினம், அல்லது ஒரு ஒலி. காகம் கரையும் ஓசை 'அ'. ஆடு கத்தும் ஓசை 'ப'. குழந்தை அழும் ஓசை 'எ'. கரடி முனகினால் 'ம', நாய் உறுமினால் 'ர', பாம்பு சீறினால் 'ஸ'. எழுத்தின் பெயரைச் சொல்லி மனப்பாடம் செய்ய வேண்டாம். ஏற்கனவே காதில் விழுந்து பழகிய ஒலியை ஞாபகப்படுத்திக்கொண்டால் போதும். எழுத்தைக் கற்கும் முதல் நாளே குழந்தை விலங்குகளின் குரலையும் கவனிக்கிறது.

அதன்பின் சுமார் 150 பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு படம். படத்தில் உள்ள பொருள்களுக்கு எண்கள். கீழே லத்தீனிலும் ஜெர்மனிலும் சின்னச் சின்ன வாக்கியங்கள். வாக்கியத்தில் ஒரு பொருளின் பெயர் வரும்போது அதே எண் பக்கத்தில் இருக்கும். குழந்தை சொல்லைப் படிக்கும், எண்ணைப் பார்க்கும், விரலால் படத்தில் அந்த இடத்தைத் தேடும். இன்றைய அறிவியல் பாடநூலில் பூவின் பாகங்களைக் குறித்துக்காட்டும் படத்தைப் பார்த்தால், இதே உத்திதான்.

மேகத்தைப் பற்றிய பாடம் ஒரு நல்ல உதாரணம். நீரிலிருந்து ஆவி எழுவது, அது மேகமாவது, மழையாக விழுவது, உறைந்தால் ஆலங்கட்டி, பாதி உறைந்தால் பனி என எல்லாம் ஒரே படத்தில், ஒரே பத்தியில். படித்து முடிக்கும்போது குழந்தைக்கு ஏழெட்டுச் சொற்கள் தெரியும். அந்தச் சொற்கள் ஒன்றோடொன்று எப்படிச் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்பதும் தெரியும். சொற்பட்டியலுக்கும் அறிவியலுக்கும் உள்ள வித்தியாசமே அந்தச் சம்பந்தம்தான்.

ஆசிரியர்களுக்கு அவர் தந்த குறிப்புகளும் கவனிக்க வேண்டியவை. பள்ளிக்கு வருமுன்பே புத்தகத்தைக் குழந்தை கையில் கொடுத்துவிடுங்கள், படங்களைப் புரட்டட்டும். படங்களைப் பார்த்து வரையட்டும். படத்தோடு நின்றுவிடாதீர்கள், முடிந்தவரை நிஜப் பொருளையே காட்டுங்கள். நிறமும் சுவையும் கறுப்பு மையில் அச்சாகாது. எளிதில் கிடைக்காத பொருள்களைப் பள்ளியில் சேகரித்து வையுங்கள். ஆய்வகம் என்ற சொல்லே தொடக்கப் பள்ளிக்குள் வராத காலத்தில் சொன்ன யோசனை இது.

சறுக்கிய இடம்

இப்போது அந்தக் கோபர்னிகஸ் பிரதிக்கு வருவோம். அதை வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தவரின் படப் புத்தகம், வானத்தைப் பற்றி என்ன சொல்லித்தருகிறது? பூமி நடுவில் அசையாமல் நிற்கிறது, வானம் அதைச் சுற்றுகிறது என்று!

கொமேனியஸ் கோபர்னிகஸை ஏற்கவில்லை. புலன்கள், பகுத்தறிவு, வேத நூல் ஆகிய மூன்றையும் அறிவின் அடித்தளமாக வைத்தவர் அவர். தினமும் கிழக்கில் சூரியன் எழுவதைக் கண் பார்க்கிறது. வேத நூலின் வாசகங்களும் அன்று அப்படியே வாசிக்கப்பட்டன. கலிலியோவின் தொலைநோக்கிக் கண்டுபிடிப்புகள் வெளியாகி 48 ஆண்டுகள் ஆன பிறகும் லட்சணமான படத்தோடு, எளிமையான வாக்கியத்தோடு தவறான பாடம் குழந்தைகளிடம் போனது.

அவருடைய முறையின் எல்லை இங்கேதான் தெரிகிறது. பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் படிப்பது வெறும் மனப்பாடம். இது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பார்ப்பது மட்டும் போதுமா என்றால், போதாது. சூரியன் நகர்வதைக் கண் பார்க்கத்தான் செய்கிறது. அது ஏன் அப்படித் தெரிகிறது என்று கேட்க, அளந்து பார்க்க, இன்னொருவரின் கணக்கைப் படித்துத் தன் கண்ணையே சந்தேகிக்கக் கற்றால்தான் அறிவியல் தொடங்குகிறது. அந்த வேலைக்கு வாசிப்பு கட்டாயம் வேண்டும். ஆக, அறிவியலுக்கு வாசிப்பு ஏன் தேவை என்பதற்கு அவர் வெற்றியைவிட அவர் சறுக்கல்தான் நல்ல சாட்சி.

கடைசி ஆண்டுகள்

ஆம்ஸ்டர்டாம் காலமும் முழுக்க நிம்மதியாகப் போகவில்லை. அரசியல் ஆரூடங்களை நம்பி அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். ஆரூடங்கள் பலிக்கவில்லை, பேர் கெட்டது. அவர் போன பிறகும் அறிஞர்கள் சிலர் இதை வைத்தே அவரைக் கிண்டலடித்தார்கள். மனித குலத்தின் எல்லா விவகாரங்களையும் சீர்படுத்தும் ஏழு பகுதிப் பெருநூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். அது முடியவில்லை.

1670 நவம்பர் 15-ம் தேதி ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். பக்கத்தில் உள்ள நார்டன் என்ற சிற்றூரில் அடக்கம் நடந்தது. முடியாமல் விட்ட பெருநூலின் கையெழுத்துப் பிரதி எங்கேயோ போய்விட்டது. ஜெர்மனியின் ஹாலே நகரில் அநாதை இல்ல நூலகம் ஒன்றில் அது கண்டெடுக்கப்பட்டது 1930-களில்தான்.

படப் புத்தகத்தின் கதை வேறு. 1659-லேயே ஹூல் என்ற பள்ளி ஆசிரியர் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1666-ல் நான்கு மொழிப் பதிப்பு வந்தது. ஜெர்மன் கவிஞர் கதே சின்ன வயதில் புரட்டிய புத்தகங்களில் இதுவும் ஒன்று. 1810-ல் நியூயார்க்கில்கூட ஒரு பதிப்பு வந்தது. எழுதியவர் எந்த ஊரிலும் நிலையாக இருக்க முடியவில்லை. புத்தகம் மட்டும் 150 ஆண்டுகள் கடந்தும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

இன்று செக் குடியரசில் அவர் பிறந்தநாளான மார்ச் 28 ஆசிரியர் தினம். 200 கொருனா நோட்டில் அவர் முகம். நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தவரை நாடு இப்படித் திரும்ப அழைத்துக்கொண்டது.

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது?

வாசிப்புத் திறனை முதலில் வளர்த்துவிட்டால் அறிவு தானாக வரும் என்ற நம்பிக்கையை 1988-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு உலுக்கியது. ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்து, ஆனால் பேஸ்பால் அவ்வளவாகத் தெரியாத மாணவர்களைவிட, வாசிப்பில் சுமாரான ஆனால் ஆட்டம் நன்கு தெரிந்த மாணவர்கள் பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கிரிக்கெட்டே தெரியாத ஒருவருக்கு டெஸ்ட் மேட்ச் ரிப்போர்ட்டைக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான். ஒவ்வொரு சொல்லையும் வாசித்துவிடுவார், ஒண்ணும் புரியாது.

வாசிப்பும் அறிவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் ஏறும். அறிவியலைக் குறைத்துவிட்டு மொழிக்கு நேரம் ஒதுக்கினால், நாளைக்குப் படிக்கப்போகும் பத்திகளைப் புரிந்துகொள்ளத் தேவையான சரக்கையே குழந்தையிடமிருந்து எடுத்துவிடுகிறோம்.

இதற்காகப் புதிய பாடத்திட்டமோ, ஸ்மார்ட் கிளாஸோ வேண்டியதில்லை. ஊறவைத்த பயறு முளைப்பதைத் தினமும் பார்த்து, அன்றைக்கு என்ன மாறியது என்று ஒரு வரி எழுதச் சொல்லலாம். படம் வரைந்து வேர், தண்டு, இலை என்று பெயர் குறிக்கச் சொல்லலாம். நாளைக்கு என்ன ஆகும் என்று ஊகித்து எழுதச் சொல்லலாம். ஊகம் தப்பினால் ஏன் தப்பியது என்று பேசவைக்கலாம். பிறகு விதை முளைப்பதைப் பற்றிய பாடத்தை வாசிக்கக் கொடுக்கலாம். முளைக்கும் பயறை ஒரு வாரம் பார்த்த குழந்தைக்கு அந்தப் பாடத்தில் வரும் சொற்கள் ஏற்கனவே பாதி தெரிந்தவை.

இதில் எது மொழிப் பாடம், எது அறிவியல் பாடம் என்று கோடு போடுவது கஷ்டம். அந்தக் கோடு வேண்டாம் என்பதுதான் கொமேனியஸின் வாதம். கடைசி வரியில் இருக்கும் ஊகம், சரிபார்ப்பு, சந்தேகம் ஆகிய மூன்றும் அவர் புத்தகத்தில் விட்டுப்போனவை. அவற்றையும் சேர்த்துக்கொள்வது இன்றைய ஆசிரியரின் வேலை.